வலி வரும் முன்பே பல் கிளினிக்

ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி சிப்பாய் லைன் சாலை ஓடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சிப்பாய்களின் குடியிருப்பு அங்கே இருந்ததால் வந்த பெயர். இன்று அந்தச் சாலையில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பல் மருத்துவ மையமும், அதோடு சேர்ந்து மலேசியப் பல் மருத்துவப் பயிற்சிக் கல்லூரியும் இயங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கத் தனியாகத் தாதியரைப் பயிற்றுவிக்கும் வேலை பினாங்கில் 1949இல் தொடங்கியது. நியூசிலாந்து 1921இல் ஆரம்பித்த திட்டம்தான் அதற்கு முன்மாதிரி. தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி என்று நாடு முழுவதும் போய்ப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொன்ன 'பல் மிஸ்ஸி'கள் பலர் இந்தத் தீவில் பாடம் படித்தவர்கள். இப்போது அவர்களுக்குப் பல் சிகிச்சையாளர் என்ற பதவிப் பெயர் வந்துவிட்டது. ஆனாலும் பாட்டிமார் வாயில் அவர்கள் இன்னும் மிஸ்ஸிதான்.

ஆக, பினாங்குப் பெற்றோருக்குக் கிளினிக் இல்லை என்ற குறை கிடையாது. குறை, போகும் நேரத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியாவின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. அந்த ஆய்வுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அது 76.2. கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனாலும் ஒரு பாலர்பள்ளி வகுப்பில் பத்துப் பிள்ளைகளை நிறுத்தினால் ஏழு பேருக்குச் சொத்தைப் பல் என்பது சின்ன விஷயம் இல்லை. இவர்களில் பலர் முதன்முதலாகப் பல் நாற்காலியில் ஏறுவது கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூங்காமல் அழுத மறுநாள் காலையில். அன்றைக்கு டாக்டர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் ஏதாவது ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். குடைய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். பிள்ளையின் மனதில் அந்த அறையும் அந்த வலியும் ஒன்றாகப் பதிந்துவிடுகின்றன.

இந்த அத்தியாயம் வற்புறுத்துவது இதைத்தான்: வாயில் எந்தக் கோளாறும் இல்லாத நாளில் பிள்ளையை முதல் முறை கூட்டிப் போக வேண்டும். டாக்டர் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடும் நாளாக அது அமைய வேண்டும்.

எப்போது? முதல் பால் பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. அது முளைத்த ஆறு மாதத்துக்குள், அதாவது முதல் பிறந்தநாளை ஒட்டி, ஒரு முறை காட்டிவிடுவது நல்லது என்கிறார்கள் குழந்தைப் பல் மருத்துவர்கள். தடுப்பூசிக்காகத் தாய்சேய் கிளினிக்குக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாத அம்மா மலேசியாவில் அரிது. அதே நடையில் பல் பிரிவு எங்கே, எந்த நாளில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வயதாகியும் போகவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இந்த மாதமே போகலாம்.

"பால் பல்தானே, விழப்போகிற பல்லுக்கு எதற்கு டாக்டர்?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். இருபது பால் பற்களும் இரண்டரை, மூன்று வயதுக்குள் முளைத்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவது உண்மை. கடைவாயில் இருக்கும் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை அங்கேயே இருந்து மென்று கொடுக்க வேண்டியவை. நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவையே. நான்கு வயதில் அங்கே சொத்தை விழுந்தால் அந்தப் பிள்ளை அதோடு ஏழெட்டு வருடம் வாழ வேண்டும்.

சொத்தை வரும் வழிகளில் நம் வீடுகளில் அதிகம் காண்பது இரவுப் புட்டி. பால் பவுடரில் சீனி, இல்லாவிட்டால் மைலோ, சில வீடுகளில் கெட்டிப்பால் கலந்த தண்ணீர். பிள்ளை உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால் இனிப்பைக் கழுவ வாயில் ஆள் இல்லை. கிருமிகள் அந்தச் சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன, அமிலம் பல்லை அரிக்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றுகிறது. மேல் முன்பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் முதலில் அடி வாங்குவது அவைதான். வாரம் ஒரு முறை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிந்தால் அதுதான் ஆரம்பம், அந்தக் கட்டத்தில் இன்னும் மீட்கலாம். பழுப்பாகிவிட்டால் காத்திருக்கக் கூடாது. வாய்ச்சூப்பியில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்தே நிறுத்த வேண்டும்.

இனி, பயம். எட்டு மாதப் பிள்ளைக்குப் பல் டாக்டர் மேல் பயம் கிடையாது. அந்நிய முகத்தைப் பார்த்து அழும், அவ்வளவுதான். பல் டாக்டர் என்றாலே உடம்பு நடுங்கும் பயம் பிறகு வந்து சேர்வது, அதில் பெரும்பங்கு காது வழியாகவே வருகிறது. "சோறு திங்கலன்னா டாக்டர்கிட்ட கொண்டு போய் ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டாத வீடு உண்டா? பல் துலக்க அடம்பிடித்தால், "மிஸ்ஸி வந்து பல்லைப் பிடுங்கிடுவாங்க." அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் கதை வேறு. நியூசிலாந்தில் அரசாங்கம் அக்கறையோடு கட்டிக் கொடுத்த பள்ளிப் பல் கிளினிக்குகளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'கொலைவீடு'. அந்தப் பெயர் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. கிளினிக் வாசலை மிதிக்காத பிள்ளையும் அதைக் கேட்டு நடுங்கியது. மிரட்டலுக்கு டாக்டரைப் பயன்படுத்துவதை வீட்டில் எல்லோரும், தாத்தா பாட்டி உட்பட, இன்றோடு விட்டுவிட வேண்டும். முதல் பயணத்துக்கான தயாரிப்பில் இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

காது வழியே வந்த பயத்தைக் கண் வழியே குறைக்கலாம். அமெரிக்க உளவியலாளர் பார்பரா மெலமெட்டும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இன்னொரு பிள்ளை அமைதியாகப் பல் சிகிச்சை செய்துகொள்ளும் படத்தை முன்கூட்டிப் பார்த்த பிள்ளைகள், சிகிச்சையின்போது குறைவாகவே முரண்டு பிடித்தார்கள். வீட்டில் படம் எடுக்க வேண்டியதில்லை. பல் பரிசோதனைக்குப் போகும் அக்காவோடு தம்பியையும் கூட்டிப் போய் ஓரமாக உட்கார வைத்தால் அதுவே படம். அக்கா பயந்தாங்கொள்ளி என்றால் மட்டும் இந்த யோசனை வேண்டாம். அப்பாவோ அம்மாவோ தம் பற்களைச் சுத்தம் செய்யப் போகும் நாளும் உதவும், அவர்களே நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதவர்களாக இருந்தால். பிள்ளையை யார் கூட்டிப் போவது என்பதற்கும் இதுவே விடை. வீட்டில் பல் டாக்டர் பயம் குறைவாக உள்ளவர் போகட்டும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதில் பெற்றோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "வலிக்காதுடா கண்ணா" என்று பாசத்தோடு ஆரம்பிப்பார்கள். அதுவரை வலியைப் பற்றி நினைக்காத பிள்ளை அப்போதுதான் நினைக்கத் தொடங்கும். "ஒண்ணுமே செய்ய மாட்டாங்க" என்பது இன்னும் ஆபத்து. டாக்டர் ஏதாவது செய்துவிட்டால் அம்மா பொய் சொன்னதாகிவிடும், அடுத்த முறை அம்மாவின் எந்தச் சொல்லும் எடுபடாது. நடக்கப்போவதை நடக்கப்போகிறபடி, சிறிதாகச் சொன்னால் போதும்: "நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட போறோம். பெரிய நாற்காலி இருக்கும், அது மேலேயும் கீழேயும் போகும். நீ வாயைத் திறப்பே, அவங்க லைட் அடிச்சு உன் பல்லை எண்ணுவாங்க. அம்மா பக்கத்துலேயே இருப்பேன்." ஊசி போடுவார்களா என்று பிள்ளையே கேட்டால், "இன்னைக்குப் பார்க்கத்தான் போறோம். ஏதாவது செய்யணும்னா டாக்டர் முதல்ல உன்கிட்ட சொல்லுவாங்க" என்பது நேர்மையான பதில். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் நாள் மாலை சொன்னால் போதும். ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிக் கேள்வி கேட்க விடலாம். ஒரு மாதம் முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தால் சாதாரண விஷயம் கண்டமாகிவிடும்.

வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். பிள்ளையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, கைப்பேசி விளக்கை அடித்து, ஒரு தேக்கரண்டியின் பின்புறத்தால் பல்லை மெல்லத் தொட்டு எண்ண வேண்டும். பிறகு முறையை மாற்றி, பிள்ளை டாக்டராகி அப்பாவின் பற்களை எண்ணட்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக் காட்டலாம். அந்தத் துணிக்குப் பின்னாலும் சிரிக்கிற முகம்தான் இருக்கிறது என்று சின்னதுகளுக்குப் புரிய வேண்டும். எச்சிலை உறிஞ்சும் குழாய் போடும் சத்தத்தை, பானம் தீர்ந்த கிளாஸில் உறிஞ்சுகுழாய் வைத்து உறிஞ்சிக் காட்டினால் பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வரும். கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்ற சைகையையும் பழக்கி வைத்து, உள்ளே போனதும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தன் வாய்க்குள் நடப்பதைத் தானே நிறுத்த முடியும் என்ற நினைப்பு பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

பினாங்கில் இன்னொரு தயாரிப்பும் தேவைப்படுகிறது, தமிழ்நாட்டு வழிகாட்டி நூல்களில் இதைப் பார்க்க முடியாது. அரசு கிளினிக்கில் பிள்ளையைப் பார்ப்பவர் பெரும்பாலும் மலாயில்தான் பேசுவார். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு, முகம் மூடிய ஒருவர் புரியாத சொல்லில் ஏதோ கேட்பது பாதி பயத்தைக் கொடுத்துவிடும். 'புக்கா முலுட்' என்றால் வாயைத் திற, 'கீகி' என்றால் பல், 'குமூர்' என்றால் கொப்பளி, 'சாக்கிட்' என்றால் வலிக்கிறது. இந்த நான்கு சொற்களை ஒத்திகை விளையாட்டிலேயே கலந்துவிடலாம். குமூர் என்று கேட்டதும் பிள்ளை தானே கொப்பளித்தால் எதிரே இருக்கும் மிஸ்ஸியும் மகிழ்ந்துபோவார். தமிழ் பேசுபவர் யாராவது இருக்கிறார்களா என்று பதிவு முகப்பில் கேட்பதிலும் தவறு இல்லை.

போகும் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரம் சிறந்தது. வயிற்றில் இரண்டு இட்லி அளவு இருந்தால் சரி. வயிறு முட்டச் சாப்பிட்டால் வாயில் கருவி படும்போது குமட்டும், பட்டினியாகப் போனால் எரிச்சல். காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு புத்தகமும் பிடித்த பொம்மையும் பையில் இருக்கட்டும். முன்பதிவு தேவையா என்று கிளினிக்குக்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் வரிசையில் நின்று பிள்ளை களைத்துப் போவதைத் தவிர்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கும்? மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நாற்காலியில் ஏற்றாமலே பார்ப்பது வழக்கம். அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்காருவார்கள். பிள்ளை அம்மாவின் மடியில், அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்து, மெதுவாகப் பின்னால் சாயும், தலை டாக்டரின் மடிக்குப் போகும். கைகளை அம்மா பிடித்துக்கொள்வார். அழுதால் வாய் இன்னும் நன்றாகத் திறக்கும் என்பதால் டாக்டர் கவலைப்பட மாட்டார், அம்மாவும் கவலைப்பட வேண்டாம். அந்த வயதுக்கு அழுகை இயல்பு. எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு, அமெரிக்கப் பல் மருத்துவர் ஹாரல்ட் அடெல்ஸ்டன் 1959இல் எழுதிவைத்த முறையை இன்றும் உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். முதலில் சொல்ல வேண்டும், அடுத்துக் காட்ட வேண்டும், அதன் பிறகே செய்ய வேண்டும். பல் தேய்க்கும் கருவியைப் பற்றிச் சொல்லி, பிள்ளையின் விரல் நகத்தில் ஓடவிட்டுக் காட்டி, பிறகு பல்லில் வைப்பார்கள். இந்த நேரத்தில் அறைக்குள் ஒரு குரல்தான் ஒலிக்க வேண்டும். டாக்டர் பேசும்போது அம்மா ஒரு பக்கம் "திறடா, நல்லா திற" என்பதும், அப்பா இன்னொரு பக்கம் "அழுதா போலீஸ் வரும்" என்பதும் பிள்ளையைக் குழப்பிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதே அங்கே பெற்றோரின் வேலை. சும்மா இருப்பது கடினம்தான், ஆனால் அன்றைய காரியம் நடப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே.

பார்த்த இடத்தில் சொத்தை இருந்துவிட்டால்? பெற்றோரின் முகம் மாறுவதைப் பிள்ளை பார்க்கும். அங்கேயே, பிள்ளை எதிரிலேயே, "இதுக்குத்தான் மிட்டாய் திங்காதேன்னேன்" என்று ஆரம்பிக்கக் கூடாது. இன்று குடையாமலே செய்யக்கூடியவையும் உண்டு. வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தைச் சொத்தையில் தடவினால் அது பரவுவது பெரும்பாலும் நிற்கும். சொத்தைப் பகுதி மட்டும் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதால் முன்பல்லானால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கடைவாய்ப் பால் பல்லுக்கு ஊசியும் குடைதலும் இல்லாமல் எஃகு உறை மாட்டிவிடும் முறை ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்தில் அதைச் செய்துவந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயராலேயே அது வழங்குகிறது. எந்தப் பல்லுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார், ஆனால் கேட்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு. மரத்துப்போக ஊசி போட்டே ஆக வேண்டியிருந்தால், அதன் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளையின் மீது கண் இருக்க வேண்டும். உணர்வில்லாத உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. உணர்வு திரும்பும்வரை கடித்துத் தின்னும் எதையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவைகள் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் நாள் வாசல்வரை. அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்து இறங்குவது. அதற்கடுத்து வாயைத் திறப்பது. வெளிச்சமும் சத்தமும் வாசனையும் இவர்களை அதிகம் வாட்டும் என்பதால், கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும், கறுப்புக் கண்ணாடியும் காதை மூடும் கருவியும் கொண்டுபோகலாம். அறையின், நாற்காலியின், டாக்டரின் படங்களை வரிசையாக ஒட்டி வீட்டுச் சுவரில் வைத்தால், அடுத்து என்ன என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும். இந்தப் பெற்றோர் ஏற்கெனவே எவ்வளவோ அலைகிறார்கள். கிளினிக்கில் அவசரப்படுத்தினால், நேரம் வேண்டும் என்று தயங்காமல் கேட்கட்டும்.

அரசு கிளினிக்கா, தனியாரா என்ற கேள்விக்கு இந்த நூல் ஒரு பக்கம் சாயவில்லை. பிள்ளைகளோடு பழகத் தெரிந்த கை எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம். தனியாரிடம் போகிறவர்கள், அவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கே வந்து குறைந்த காசில் பல் கட்டுகிறேன், கம்பி போடுகிறேன் என்பவர்களிடம் பிள்ளையின் வாயைக் காட்டவே கூடாது.

முதல் பயணம் முடிந்ததும் பாராட்ட வேண்டும். "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பத்து எண்ணுற வரைக்கும் வாயைத் திறந்து வச்சிருந்தியே" என்று செய்ததைச் சுட்டிச் சொன்னால் பிள்ளை அதை நினைவில் வைத்திருக்கும். பரிசாகப் பினாங்கு ரோட்டுச் செண்டோல் வேண்டாம். பாடாங் கோத்தாவில் கொஞ்சம் ஓடி விளையாடலாம், பட்டர்வொர்த்துக்குப் ஃபெரியில் ஒரு முறை போய் வரலாம், தண்ணீர்மலைப் பூந்தோட்டத்துக் குரங்குகளைப் பார்க்கலாம். பல்லில் ஃபுளோரைடு பூச்சு தடவி அனுப்பியிருந்தால், எப்போது சாப்பிடலாம், எப்போது பல் துலக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே கேட்க வேண்டும்.

மலேசியா 1972 முதல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்த்து வருகிறது. 2005இல் அதன் அளவைப் பத்து லட்சத்தில் 0.7 பங்கிலிருந்து 0.5 பங்காகக் குறைத்தார்கள். அந்தத் தண்ணீர் துணைதான், பற்பசைக்குப் பதில் ஆகாது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். துலக்கியதும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசிவிட்டால் மருந்தும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கை பட்டுத் துலக்குவதே சரி. தானே துலக்குவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை முதலில் துலக்க விட்டு, பிறகு அம்மா ஒரு சுற்று வரலாம்.

அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்பதைக் கேட்காமல் கிளினிக்கை விட்டுக் கிளம்பக் கூடாது. ஆறு மாதம் என்பது பொதுக்கணக்கு, சொத்தை வரக்கூடிய வாய் என்றால் மூன்று மாதத்திலேயே கூப்பிடுவார்கள். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததும் பள்ளிப் பல் குழு வரும், ஒப்புதல் படிவமும் வீட்டுக்கு வரும். அன்று அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார். முன்பே இரண்டு மூன்று முறை வாய் திறந்து பழகிய பிள்ளைக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, பிள்ளைக்கு ஒவ்வாமையோ இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும்.

ஏறத்தாழ ஆறாவது வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எதுவும் விழாததால் இவற்றையும் பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடும் பெற்றோர் அதிகம். அவை ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பற்கள், மேல் பரப்பில் ஆழமான பள்ளங்கள் கொண்டவை. முளைத்து முழுதாக வெளியே வந்ததும் அந்தப் பள்ளங்களை அடைத்துவிடும் பூச்சு தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பூசுவதற்குச் சில நிமிடம்தான் ஆகும், ஊசியும் கிடையாது.